இரண்டாம் பக்கம்

கோரிமேட்டில், கல்லூரி வாசலுக்கு எதிரே
பதினாறு வருஷமாக வெளிச்சம் விற்கிறேன்,
பக்கத்துக்கு எழுபத்தைந்து பைசா.
ஒரு புத்தகமும் படித்ததில்லை.
ஆனால் எல்லாப் புத்தகங்களும்
என் கைவழியே போயிருக்கின்றன
முகம் கவிழ்ந்தபடி.

ஜூலைதான் எனக்கு அறுவடை.
ஆயிரத்து நூறு ரூபாய்ப் புத்தகம்,
நூலகத்தில் ஒரே பிரதி.
ஒருத்தி கொண்டுவருவாள்,
அவள் பின்னால் நாற்பது பேர்.
'எவ்வடிவிலும் நகலெடுக்கக் கூடாது'
என்ற பக்கத்தை மட்டும் நகலெடுக்க மாட்டேன்.
நான் எனக்கு வைத்துக்கொண்ட மரியாதை அது.
சஃபாரி சட்டை போட்டு யாராவது படியேறினால்
கண்ணாடிமேல் ஒரு ஜாதகத்தைக் கவிழ்த்துவிடுவேன்.

போன வருஷம்
புள்ளியியல் தில்ஷாத் மேடம் ஒரு பென் டிரைவ் நீட்டினார்.
நூற்று எண்பத்திரண்டு பக்கம். தமிழில்.
"ரெண்டு காப்பி போடுங்க அர்த்தநாரி, தப்புப் பாக்கணும்."
சூடு ஆறாத தாளில் இரண்டாம் பக்கம் கண்ணில் பட்டது:
நகலெடுக்கலாம். திருத்தலாம். யாருக்கும் தரலாம்.
எழுதியவர் பெயரை மட்டும் அழிக்காதீர்கள்.

ஜாதகத்தைத் தேடிப் போன கை
பாதியில் நின்றது.

பழைய புத்தகத்தில் எங்கோ பெய்த பனியின் சராசரி இருந்தது.
இதில் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில்
ஜோடிக்கு ஜோடி மாறும் கொலுசின் எடை.
ஜவ்வரிசி மூட்டையின் ஈரம்.
ஏற்காட்டு பஸ் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும்
எடுத்துக்கொள்ளும் நேரம்.
தட்டுவடை செட் வண்டியைச் சுற்றி
சாயங்காலம் ஏழு மணிக்கு எத்தனை பேர்.
அந்த ஏழு மணிக்கு நானும் அங்கேதான் நிற்பேன்.
அப்படியென்றால்
அந்தப் படத்தில் எங்கோ ஒரு புள்ளி நான்.

"எல்லாரும் போன்லயே படிச்சா நம்ம பொழப்பு?"
வீட்டில் கேட்டாள். நியாயம்தான்.
இந்த ஜூலையில் நாற்பது பேர் பதினொன்றாகிவிட்டார்கள்.
இயற்பியல் சார் வேறு, டோனர் வாசனைக்கு மூக்கைச் சுளித்தபடி,
"இதுக்கெல்லாம் ப்ரமோஷன்ல மார்க் கெடையாது மேடம்" என்றார்.
மேடம் பர்ஸில் சில்லறை தேடிக்கொண்டிருந்தார்.
தேடி முடிக்கவே இல்லை.

பதினொன்றில் ஒருத்தி நீலாவதி.
அவள் ஊர் மாரமங்கலம்,
அங்கே போன் மணி பார்க்க மட்டும்.
ஸ்பைரல் போட்டு வாங்கிக்கொண்டு
நாலே முக்கால் பஸ்ஸுக்கு ஓடினாள்.
இரண்டு வாரம் கழித்து வந்து
தொண்ணூற்றேழாம் பக்கத்தை விரித்தாள்.
"மேடம், தினமும் போறேன் நான்.
பதிமூணாம் வளைவுல பஸ் நிக்கும்,
எறங்கற லாரிக்கு வழி விடணும்.
அந்த ரெண்டு நிமிஷம் இதுல இல்ல.
விடையே மாறுது."

மேடம் என் கடை ஸ்டூலிலேயே உட்கார்ந்து
என் பேனாவை வாங்கிப் போட்டுப் பார்த்தார்.
மாறியது.
அடுத்த நாள் புதுக் கோப்பு வந்தது.
பதிப்பு ஒன்று புள்ளி மூன்று,
இரண்டாம் பக்கத்தின் அடியில் புதிதாக ஒரு வரி:
திருத்தம் – நீலாவதி, இரண்டாமாண்டு.
அவள் அந்த ஒரு பக்கத்தை மட்டும்
நகலெடுத்துக்கொண்டு போனாள். காசு வாங்கவில்லை.

விலங்கியலில் இரண்டு பேர் எழுதுகிறார்களாம்.
பொருளியல் பாதியில் நிற்கிறது.
என்னிடம் பழைய பதிப்பு ஒன்பது பிரதி,
தைத்து, அட்டை போட்டு, விற்காமல் கிடந்தது.
எடைக்குப் போட மனசில்லை.
நேற்று ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
ஒவ்வொன்றிலும் தொண்ணூற்றேழைத் திறந்து
நீல மையில் எழுதினேன்:
பதிமூன்றாம் வளைவு, கூட்டல் இரண்டு.

ஏழாவது பிரதியில் கை ஓடவில்லை.
கண் மேலே போய்விட்டிருந்தது,
கணக்கின் முதல் வரிக்கு.

ஷட்டருக்கு அடியில் குனிந்து யாரோ
"அண்ணா, ஆதார், ரெண்டு பக்கமும்" என்றார்.

இருங்க, என்றேன்.