ஒதுங்காமல்

கொல்லம் ஆண்டு ஆயிரத்துத் தொண்ணூற்றெட்டு,
இரணியல் முன்சீப் கோர்ட்டுத் தீர்ப்பு.
மலையாளக் கையெழுத்து, பூச்சி அரித்த ஓரம்.
தமிழாக்கித் தரவேண்டியவள் நான்,
பக்கத்துக்கு இத்தனை ரூபாய் என்று.

இன்று ராசாலத்தின் ரப்பர் விளை.
அன்று அதன் ஊடே கிணற்றுக்கு ஒரு நடை.
அகலம் எவ்வளவு?
கோல் கணக்கோ விரல் கணக்கோ சொல்லவில்லை அந்த நீதிபதி.
இடுப்பில் குடமேந்திய ஒருத்தி
ஒதுங்ஙாதெ போகத்தக்க அளவு
என்று எழுதி மையொற்றி
வீட்டுக்குப் போய்விட்டார்.

ஒதுங்ஙாதெ.
ஒடுங்காமல் என்று சொல்லலாம்:
தோளைக் குறுக்காமல், குடத்தைச் சரிக்காமல்.
ஒதுங்காமல் என்றும் சொல்லலாம்.
அன்றைக்குக் கரண்ட் இல்லை.
தட்டச்சு செய்யும் பெனிட்டாவுக்கு
ஐந்தே காலுக்குத் திங்கள்சந்தை பஸ்.
ஒதுங்காமல் என்றேன்.

கமிஷனராக வந்த விஜிலா வக்கீல்
பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் நிரப்பி
ஊழியர் ஷைனியின் இடுப்பில் ஏற்றி
நடக்கவிட்டு டேப் பிடித்தார்.
இருபத்திமூன்று அங்குலம்.
மரியநேசத்தின் சக்கர நாற்காலிக்கு
இருபத்தாறு வேண்டும்.

"கெணறே தூந்தாச்சு,
பெறவு வழி எதுக்காக்கும்?" என்றார் ராசாலம்.
நீதிபதி பதில் சொல்லவில்லை.
என் தமிழில் ஒரு சொல்லின் அடியில்
பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

தனியே போகிறவள் யாருக்கு ஒதுங்குவாள்?
எதிரே ஒருத்தி வந்தால்தானே.
ஆகவே முன்தீர்ப்பு சொன்னது
இரண்டு பெண்களின் அகலம்,
இரண்டு குடங்களோடு.

பத்மநாபபுரத்தில் அப்பீலிலும் நின்றது.
ஒன்பது மரம் போயிற்று.
குழித்துறையில் ஒரு சுடுகாட்டுப் பாதைக்கு
இதை எடுத்துக் காட்டினார்களாம்.

கோர்ட் வாசல் டீக்கடையில் ராசாலம்
என் பக்கத்தில் வந்து நின்றார்.
"ஒரு எழுத்தாம்லா" என்றார்.
கோபமாகக்கூட இல்லை.
அவருடைய டீக்கும் சேர்த்துக் கொடுத்தேன்,
வாங்கிக்கொண்டார்.

நேற்று இன்னொரு கட்டு வந்தது.
திருவட்டாறு, ஆயிரத்து நூற்றிரண்டு.
இங்கே குடம் இல்லை,
தலையில் வைக்கோல் கட்டோடு ஓர் ஆள்.
மூன்றாம் வரியில் அதே சொல்.
கரண்ட் இருந்தது.
பெனிட்டா லீவு.
அகராதியைத் திறந்து வைத்து
அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.
ஒதுங்காமல் என்றே எழுதினேன்.
வேறு எப்படி எழுத, இனி?