அறுபத்தைந்து ஏ

திருத்துறைப்பூண்டி கோர்ட்டுக்கு எதிரே
ஒரே ஷட்டருக்குள் செராக்ஸும் செல்போனும்.
ஜபருல்லா என் ஜூனியர் காலத்தில்
அடங்கலும் சிட்டாவும் கடனுக்கு நகலெடுத்துத் தந்தவர்.
அவரிடம் ஃபீஸ் கேட்க முடியாது.

"மேடம், ஒரு சந்தேகம்.
இந்த ஆப்பை ஏத்திக் குடுக்கறது குத்தமா?"

விளம்பரம் வராது.
திரையை அணைத்தாலும் பாட்டு நிற்காது.
யார் நீ, எந்த ஊர் என்று கேட்காது.
கம்பெனி செய்ததல்ல.
எங்கோ தூக்கமில்லாத நாலு பேர்
சும்மா எழுதிச் சும்மா கொடுத்தது.

"சும்மா குடுத்ததுக்கு நீங்க ஏன் அம்பது வாங்கறீங்க?"
"அது ஏத்துக்கூலி மேடம்."
கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு வாங்குகிறார்களே,
அதை நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

இரவு உரைநூலை எடுத்தேன்.
பதிப்புரிமை, பிரிவு அறுபத்தைந்து ஏ.
போட்ட தடுப்பை ஏய்த்துக் கடப்பவன்
உரிமையை மீறும் எண்ணத்தோடு கடந்தால்
இரண்டு வருடம் வரை.
எண்ணத்தோடு.
அந்தச் சொல்லில் பேனாவை ஊன்றி
கரண்ட் போய் வரும்வரை உட்கார்ந்திருந்தேன்.

வேதரெத்தினம் இறால் பண்ணைக்குக் காவல்.
விடிய விடிய ஏரேட்டர் சக்கரம் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும்.
காதில் யாராவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும்,
அவன் தூங்கினால் குளத்துக்கு மூச்சு நின்றுவிடும்.
சார்ஜ் போதாது. திரையை அணைக்கிறான்.
அணைத்துவிட்டுக் கேட்பதற்கு
மாதச் சந்தா வைத்திருக்கிறது கம்பெனி.
இருட்டுக்கும் விலை.
கூண்டில் ஏற்றி எண்ணம் என்னவென்று கேட்டால்
"இறா சாவக் கூடாதுங்க" என்பான்.

விதிமுறை தனி.
நாற்பது பக்கத்தைப் படிக்காமல் ஒப்புக்கொண்டவர்களில்
வக்கீல் நானும் ஒருத்தி.
மீறினால் கணக்கை மூடலாம், ஜெயில் இல்லை.
கணக்கே இல்லாதவன் எதை ஒப்புக்கொண்டான்?
தெரியவில்லை.
இந்த மாதிரி ஆப்புக்குத் தீர்ப்பு எதுவும்
என் கண்ணில் படவில்லை.

முறைத்தண்ணி நாளில் மதகைத் தொடாமல்
கரைமேல் குழாய் போட்டு உறிஞ்சினால் விடுவீர்களா
என்று எதிர்த்தரப்பாய் நானே எழுந்தேன்.
தண்ணி எடுத்தால் குறையும் யுவர் ஆனர்,
வீடியோ குறையாது, என்று நானே உட்கார்ந்தேன்.
குறைவது வேறெங்கோ
என்று படுத்த பிறகு தோன்றியது.

வேறெங்கோ என்பது கோட்டூராம்.
மறுநாள் காலை கடைக்கே வந்தாள் தையல்நாயகி.
அறுப்பு மெஷின் ரிப்பேர் வீடியோ போடுகிறவள்.
போன மாதம் விளம்பரக் காசு ஆயிரத்து நூறு.

"அண்ணே, எனக்கும் அந்த ஆப்பு."
"ஒனக்கா? எல்லாரும் இதுல பாத்தா
ஒன் காசு போயிடும், தெரியுமில்ல?"
"தெரியும்.
மெஷினுக்கு அடியில மல்லாந்து கெடக்கேன்,
கையெல்லாம் கிரீஸு, தள்ளிவுட வெரல் இல்ல.
எந்த போல்ட்ட மொதல்ல கழட்டணும்னு
நான் போட்ட வீடியோவையே நான் பாக்கறேன்.
நடுவுல ஒருத்தன் வந்து பல்பொடி விக்கிறான்."

ஜபருல்லா என்னைப் பார்த்தார்.
நான் கோர்ட் வாசலைப் பார்த்தேன்.
ஏற்றினார். ஐம்பதை வாங்கவில்லை.
அவள் நோட்டை ஸ்டாப்ளருக்கு அடியில் செருகிவிட்டுப் போனாள்.

மூன்று வாரமாகிறது.
நடுவில் ஒரு நாள் ஆப் எங்கும் ஓடவில்லை,
கம்பெனி எதையோ மாற்றிவிட்டதாம்;
மாலைக்குள் அந்த நாலு பேரும் எதையோ மாற்றினார்கள்.
கடைமடையில் அதற்குள் வரிசை நின்றது.

என் கருத்துரை ஒன்றரைப் பக்கம்.
"எண்ணத்தைப் பொறுத்தது" என்று தொடங்கி
அங்கேயே முடிகிறது.
ஆதாரத்துக்கு இருக்கட்டும் என்று
உரைநூலின் அந்தப் பக்கத்தை நகலெடுக்கக் கொடுத்தேன்.
புரட்டும்போது முன்னட்டைக்குப் பின்னால் அச்சிட்டிருந்தது:
அனுமதியின்றி எப்பகுதியையும் நகலெடுக்கலாகாது.

"ஒண்ணா ரெண்டா மேடம்?" என்றார்.
ரெண்டு, என்றேன்.