மணிக்கணக்கு

கான்பூர் போகிற வண்டி ஏழு மணி நேரம் தாமதம்.
காட்பாடி முதல் நடைமேடையில்
ஆம்பூர் சாம்பிள் பை தோளில் தொங்க,
எங்கே உட்காருவதென்று
ஒரு சுற்று சுற்றி வந்தேன்.

இரண்டாம் வகுப்புக் கூடம்:
துளை போட்ட எஃகு நாற்காலிகள்,
பத்து நிமிடத்தில் துளையெல்லாம் தொடையில் அச்சாகும்.
தரை முழுக்க விரிப்பு, விரிப்புக்கு ஒரு குடும்பம்,
குடும்பத்துக்கு ஒரு ஸ்கேன் உறை
தலைமாட்டில், நகைப்பெட்டி போல.

உயர் வகுப்புக் கூடத்தில் மின்விசிறி சுற்றியது,
காற்றை மட்டும் யாரோ எடுத்துப் போயிருந்தார்கள்.
தங்கும் அறை உண்டா என்றேன். சிரித்தார்கள்.

கடைசியில் கண்ணாடிக் கதவு, குளிர் அறை.
முதல் மணிக்கு ஐம்பது,
அப்புறம் ஒவ்வொன்றுக்கும் முப்பது.
விலைச் சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்:
மொத்தம் இருநூற்று முப்பது.
'காத்திருந்த வகையில்' என்று ஒரு ரசீதைக் கண்டால்
எங்கள் கணக்கர் நயீமுத்தீன் பாய்
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்,
அதற்கப்புறம் பேசவே மாட்டார்.
இரண்டு மணி நேரம் மட்டும் வாங்கினேன்.

"பேரு?"
"தணிகைமலை."
"எங்க போறீங்க?"
"எங்க போறது? இங்கதானே கீறேன்."
சீட்டு கிழிக்கிற ரூபவதி சிரிக்கவில்லை.

சோபாவில் கை பட்டதுமே தெரிந்துவிட்டது, ரெக்சின்.
இருபத்திரண்டு வருடமாய்த் தோல் விற்கிற விரல்.
மயிர்க்கால்கள் ஒரே அளவில், வரிசை பிசகாமல்.
நிஜத் தோலென்றால்
ஆடு வேலி தாண்டிய கீறல் இருக்கும்,
உண்ணி கடித்த புள்ளி இருக்கும்.
இதற்கு எதுவும் நடக்கவே இல்லை.

எதிரே ஒரு பெண்.
தலையில் மஞ்சள் துணியை இறுக்கிக் கட்டி,
புருவம் இல்லாமல்.
கண்ணாடிக்கு வெளியே அவள் கணவன்.
ஓர் ஆளுக்குத்தான் சீட்டு வாங்கியிருந்தான்.
அவள் விரல் காட்டினாள், அவன் விரல் காட்டினான்.
அவள் கதவைக் காட்டினாள்,
அவன் உள்ளங்கையை விரித்து அமர்த்தினான்.
நேரம் எவ்வளவு மிச்சம் என்கிறாள்,
இருக்கிறது, இரு என்கிறான்.
அப்படித்தான் வாசித்தேன்.

"டைம் ஆயிடுச்சும்மா" என்று ரூபவதி வந்தபோது
எழுந்துவிட்டேன்.
நெஞ்சு கொஞ்சம் முன்னால் போயிருந்தது.
"எனக்கு ஒரு மணி நேரம் பாக்கி கீது.
அவங்க பேர்ல மாத்திடுங்க."
"கம்ப்யூட்டர்ல பேரு மாறாது சார்."
கொஞ்சம் யோசித்து,
"தல கணக்குதான். நீங்க வெளிய போயிட்டா
உள்ள ஒரு தல இருக்கட்டும்."

வெளியே கணவன் பெயர் நிமாய்.
என் கான்பூர் இந்தியும் அவனுடைய மால்டா இந்தியும்
பாதி வழியில் சந்தித்துக்கொண்டன.
கடுகெண்ணெய் பிசைந்த பொரியை நீட்டினான்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
அவள் மறுபடி விரலை ஆட்டினாள்.
இந்தத் தடவை நானும் சேர்ந்து
உள்ளங்கையைக் காட்டினேன்:
இரு, இரு.

மூன்று வண்டிகள் போன பிறகு அவள் வெளியே வந்தாள்,
இரண்டு கையாலும் தன்னையே கட்டிக்கொண்டு,
பல் தந்தியடிக்க.
முதலில் அவனைத் திட்டினாள்.
பிறகு, முறை வைத்து, என்னை.
வங்காளத்தில் எனக்குப் புரிந்தது ஒரே சொல்:
டண்டா.
வந்த பத்தாவது நிமிடத்திலிருந்து
வெளியே விடச் சொல்லிக் கேட்டிருக்கிறாள்.
கொடுத்த காசு வீணாகுமே என்று அவன்.
தானம் செய்த மிதப்பில் நான்.

நடைமேடைக் கல் பெஞ்சு,
பகலெல்லாம் வேலூர் வெயிலைக் குடித்த கருங்கல்.
அதன்மேல் அப்படியே கால் நீட்டிப் படுத்தாள்.
நாங்கள் இருவரும் எழுந்து இடம் விட்டோம்.
பொரிப் பொட்டலம் என் கையிலேயே இருந்தது.

ஒலிபெருக்கி என் வண்டிக்கு
இன்னும் ஒன்றரை மணி நேரம் சேர்த்தது.
பெஞ்சின் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன், பழக்கதோஷம்.
சொரசொரப்பு. சூடு.
என்ன தரம் என்று சொல்லத் தெரியவில்லை.