தூக்கம்

"உயரம் எத்ர, சேச்சி?"
ஐந்தே முக்கால் அடி.
"தூக்கம்?"

மூன்று மாதமாக இல்லை என்றேன்.
போனில் அந்தப் பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை.
முப்பத்தொரு வருஷம் வாளையாரில் குடியிருந்தும்
எடையைக் கேட்கிறான் என்று புரிய
அவ்வளவு நேரம் ஆயிற்று எனக்கு.

எடைமேடையில் வேலை பார்த்த மனிதர்.
கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்தபடி
டயர் அமுங்குவதைப் பார்த்தே சொல்லிவிடுவார்,
பதினாறு டன்னுக்கு நூறு கிலோ குறைச்சல் என்று.
சிமெண்ட் லாரி, மாட்டு லாரி, தக்காளி வண்டி
எதுவானாலும்
டிரைவரை இறங்கச் சொல்வார், கிளீனரை எழுப்பி இறக்குவார்.
"ஆள் கணக்கில் வரக்கூடாது."

பையன் காத்திருந்தான்.
எத்தனை சிலிண்டர் ஏற்றுவது என்று
அவன் முதலாளிக்குச் சொல்ல வேண்டுமாம்.
கட்டிலிலிருந்து நாற்காலிக்கு,
நாற்காலியிலிருந்து குளியலறைக்கு,
இடுப்பில் சாய்த்துத் தூக்கிய கனம்
என் கைக்குத் தெரியும், எண்ணாகத் தெரியாது.
நாற்பத்திரண்டு என்றேன்.
"சரி சேச்சி. மூன்றரைக்கு வண்டி வரும்.
ஆதார் நகல் ரெண்டு, டாக்டர் சீட்டு,
வண்டி திரும்ப முற்றத்தில் இடம்."

இடம் செய்ய
மொபெட்டைச் சுவரோரம் தள்ளினேன்.
கொடிக்கயிற்றை அவிழ்த்தேன்.
அதில் காய்ந்த அவர் லுங்கி இரண்டையும் மடித்து
அலமாரியில், அவர் தட்டில் வைத்தேன்.
வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம்
அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மச்சாண்டார் நாச்சிமுத்து
க.க.சாவடியிலிருந்து வந்தார், முகம் கறுத்து.
அந்தப் பக்கம் கட்டைக்குச் சொல்லிவிட்டாராம்,
தேர் கட்டவும் ஆள் வைத்துவிட்டாராம்.
"ஆறுச்சாமி நம்ம மண்ணுலதான் வேகணும்."
நாலு கிலோமீட்டர் தூரம்.
முன்பணம் கட்டிவிட்டேன் என்றேன்.
மண்ணைப் பற்றி அதற்குமேல் அவர் பேசவில்லை.

மூன்றே முக்காலுக்கு வந்தது சுடுகாடு,
நீல மினி லாரியில்,
ரிவர்ஸ் எடுக்கையில் ஏதோ பாட்டு ஒலித்தபடி.
ஓட்டுநர் பதறி அதை நிறுத்தினார்.
இரண்டு பேர் இரும்புப் பெட்டியை இறக்கினார்கள்,
மூன்று சிலிண்டர்கள், ஒரு காற்றாடி மோட்டார்.
போனில் பேசியவன் விபின்,
சின்னப் பையன்தான், மீசை இன்னும் சேரவில்லை.
"ஒரு பிளக் பாயிண்ட் வேணமல்லோ, சேச்சி."
கிரைண்டர் பிளக்கைப் பிடுங்கிக் கொடுத்தேன்.
சமையலறை ஜன்னல் வழியாக ஒயர் போயிற்று.

கோடித்துணி. வாய்க்கரிசி.
மச்சாண்டார் முறை எதையும் விடவில்லை.
குடம் உடைத்து, நெய்ப்பந்தம் கையில் வாங்கியதும்
வழக்கம்போலச் சொன்னார்:
"பொம்பளைங்க யாரும் சுடுகாட்டுக்கு வரக்கூடாது."

நாங்கள் ஒன்பது பொம்பளைகள்
முற்றத்தில்தான் நின்றிருந்தோம்.
சுடுகாடே வாசலுக்கு வந்துவிட்டால்
பொம்பளைகள் எங்கே போவது?
அவருக்கும் தெரியவில்லை.
கிணற்றைப் பார்த்தார்.
கோழிக்கூட்டைப் பார்த்தார்.
"உள்ள போயி கதவச் சாத்திக்கங்க."

சாத்தினோம்.
ஜன்னலைச் சாத்த முடியவில்லை, ஒயர் இருக்கிறதே.
விரலகலம் திறந்திருந்தது.
அதில் மச்சாண்டாரின் தோள் தெரிந்தது,
பந்தத்தின் புகை தெரிந்தது,
அவர் தெரியவில்லை.

பந்தம் காட்டிய பிறகும் ஏனோ எல்லோரும் காத்திருந்தார்கள்.
அப்புறம் விபின் ஜன்னலுக்கு வந்தான்.
குனிந்து, அந்த இடுக்கில், மெதுவாக,
"சேச்சி, சுவிச்சு இட்டோளூ."

வலது கையா இடது கையா என்று ஒரு கணம் குழப்பம்.
போட்டேன்.
மோட்டார் மாவு மில் போல எழுந்தது.

ஒன்றே கால் மணி நேரம்
சுவிட்சை விட்டு நகரவில்லை நான்.
நாத்தனார் தண்ணீர் கொண்டுவந்தாள், வாங்கவில்லை.
வெள்ளிக்கிழமைகளில் எங்கள் பக்கம்
நாலரைக்குக் கரண்ட் போகும்.
போய்விடக் கூடாதே, போய்விடக் கூடாதே
என்பது மட்டும்தான்
அப்போது எனக்கிருந்த நினைப்பு.