ஏழாம் மீட்டருக்கும் எட்டாம் மீட்டருக்கும் நடுவே

இரவு இரண்டு மணிக்குத் துறைமுகம்
தூங்குவதில்லை, முனகுகிறது.
முந்நூற்றுப் பன்னிரண்டு குளிர்க் கொள்கலன்கள்
ஒரே சுருதியில்.
உள்ளே ஆட்டிறைச்சி, உறைந்த இறால்,
யார் வீட்டுத் தட்டுக்கோ போகும் உருளைக்கிழங்குத் துண்டுகள்.
அவை விடும் மூச்சை எண்ணுகிறவள் நான்.
கிலோவாட் என்று எழுதுவேன்.

பட்டர்வொர்த், வடக்கு முனையம்.
சட்டையில் மங்களேஸ்வரி என்று தைத்திருக்கிறது,
வாக்கி டாக்கியில் என் பெயர் மீட்டர்.
"மீட்டர் வந்தாச்சா?"
வந்தாச்சு.

நிலத்தின் கணக்கு எளிது.
கடல் பின்வாங்கவில்லை, நாம்தான் மணலைக் கொட்டி
முன்னால் போனோம்.
ஏக்கருக்கு இத்தனை பெட்டி, பெட்டிக்கு இத்தனை நாள்.
நடுவே ஒரு துண்டு மட்டும் காலி.
'எதிர்கால விரிவாக்கம்' என்று பலகை.
பதினோரு வருடமாக எதிர்காலம் வரவில்லை.
லாலாங் வந்திருக்கிறது.

மின்சாரமும் பரவாயில்லை,
கோபம் வந்தால் முகத்துக்கு நேரே அணைந்துவிடும்.

தண்ணீர்தான்.
மூடா ஆற்றில் கிளம்பிக் குழாய்வழி நடந்து
ஏழாம் மீட்டரில் நூறாக நுழைந்து
எட்டாம் மீட்டரில் அறுபத்தொன்றாக வருகிறது.
மிச்சம் முப்பத்தொன்பது கன மீட்டர்
ஒவ்வோர் இரவும்
கையெழுத்துப் போடாமல் வெளியே போகிறது.

"கப்பல்காரன் எடுக்கிறானா?" என்றார் மேலாளர் கூ.
கப்பல் குடிப்பதற்கு ரசீது இருக்கிறது, சார்.

இரும்புக் கம்பியின் ஒரு நுனி குழாய்மேல்,
மறு நுனி என் காதில்.
வைத்தியர் மாதிரி என்று சொல்ல ஆசைதான்.
அடுத்த வீட்டுச் சண்டையை ஒட்டுக்கேட்கிறவள் மாதிரி
அடிக்கு அடி குனிந்து போனேன்.
மூன்றாம் இரவு,
எதிர்காலப் பலகைக்குப் பின்னால்
பூமி சீறியது.

அங்கே கங்கோங் காடாகப் படர்ந்திருந்தது.
கானாங்கோழி ஒன்று என் டார்ச்சைத் திட்டிக்கொண்டு ஓடியது.
பாதியாக அறுத்த நீல டிரம்மில் தண்ணீர்,
உடைந்த மரப்பலகைமேல் சோப்பு,
மைலோ டின்னில் ஐந்து பல்துலக்கிகள்.
ஒன்றில் மார்க்கரால் 'ரோஸ்லி'.

முகமெல்லாம் நுரையோடு ஒருவன் நிமிர்ந்தான்.
குணாளன், சுங்கை பட்டாணி லோரி.
"ஆறு மணி நேரமா வரிசை நகரலக்கா.
உள்ள இருக்கிற இறாலுக்குக் கரண்டு குடுக்கிறீங்க.
கப்பலுக்குத் தண்ணி குடுக்கிறீங்க.
நாங்க எங்க போறது?"
பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு,
"எழுதிடாதீங்க."

எழுதினேன்.
முப்பத்தொன்பதை நான் மறைக்க முடியாது,
ஆற்றுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது.
ஆனால் கீழே இன்னொரு வரி சேர்த்தேன்:
ஓட்டுநர் இருநூறு பேர், ஆளுக்கு நாற்பது லிட்டர்,
ஆக எட்டு.
மூன்றாம் வாசலில் ஒரு குழாய், மீட்டரோடு.
அப்போதும் முப்பத்தொன்று மிச்சம்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன், பேனா மை தீரும் அளவுக்கு அழுத்தி.

வியாழக்கிழமை ஒப்பந்தக்காரர்கள் வந்தார்கள்.
தோண்டினார்கள், மாற்றினார்கள், மூடினார்கள்.
ஏழும் எட்டும் இப்போது அண்ணன் தம்பி மாதிரி
ஒரே எண்ணைச் சொல்கின்றன.
மாதக் கூட்டத்தில் கூ என் வரைபடத்தைக் காட்டினார்,
கைதட்டினார்கள்.
கங்கோங் பத்து நாளில் பழுத்துப் படுத்தது.
கானாங்கோழி எந்தப் பேரேட்டிலும் இல்லை.

குழாய் 'பரிசீலனையில்'.

டிரம்மோடு சேர்த்துக் குப்பையில் போட இருந்த
மைலோ டின்னை நான் கேட்டு வாங்கி வந்தேன்.
என் மேசையில்தான் இருக்கிறது.
வரிசை நகர்ந்தால் யாராவது தேடி வருவார்கள்.
அதுவரை,
கையெழுத்துப் போட வருகிற அதிகாரிகள்
பேச்சு சுவாரசியத்தில் பேனா என்று கைநீட்டி
ரோஸ்லியை எடுத்து
ஒரு நொடி
அதைப் பார்க்கிறார்கள்.