இறால் பர்கர், ஒன்று

கருவியைக் கண்ணில் மாட்டிவிட்டேன்.
பட்டையில் சிக்கிய நரைமுடி இரண்டை விடுவித்தேன்.
'தெரிகிறதா அம்மா?'
'கடை தெரிகிறது. ஆள் ஒருத்தரையும் காணோமே.'

ஆளில்லாக் கடைதான்.
இறால் பர்கர் ஒன்று, உருளைக்கிழங்கு, குளிர்பானம்,
அட்டையில் பணம், நான்கு இலக்கம்.
சோதனை அவ்வளவுதான்.

என் பக்கமிருந்து பார்த்தால்
பூசான் நகரில், ஜன்னல் இல்லாத ஓர் அரசு அறையில்
வெறுங்காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கிறார்
எழுபத்தெட்டு வயதுக்காரர்.
கூ மால்சுன்.
போதும்பொண்ணு என்பது போல ஒரு பெயர்;
வைத்த பிறகும் இரண்டு தங்கைகள் பிறந்தார்களாம்.

கை எத்தனை விரைவு, எங்கே தயங்கியது,
நேரே போனதா சுற்றிப் போனதா,
எல்லாவற்றையும் கணினி சிவப்புக் கோடாக இழுக்கிறது.

மூன்றாம் படியில் கை பொத்தானை விட்டு விலகியது.
மார்புக்கு நேரே வந்து
சுண்டுவிரல் மடங்க, கட்டைவிரல் நிமிர,
சட்டென்று விரிந்து மூடியது.

'என்ன அம்மா அது?'
'விலை கேட்டேன்.'

முப்பத்தோரு வருடம் துறைமுக ஏலத்தில்
விடியுமுன் வாய் திறக்காமல்
விரலாலேயே கானாங்கெளுத்தி வாங்கியவர்.
கணினிக்கு இது எப்படித் தெரியும்?
பிழை: ஒன்று.
பக்கத்தில் 'பழக்கம்' என்று எழுதினேன்,
கொஞ்சம் அழுத்தியே.

நான்கு இலக்கத்தில் கை நின்றது.
எண்ணை நான்தான் சொல்லியிருந்தேன்,
சற்று முன், இரண்டு முறை.
ஆறின் மேல் போனது. திரும்பியது.
ஒன்பதை நெருங்கி, தொடாமல்,
தொங்கியது
பன்னிரண்டு நொடி.
பிறகு ஏதோ நான்கை அழுத்தியது.

இதற்கு ஏலக்கூடத்தைக் காரணம் சொல்ல முடியாது.
பேனாவை மூடிவைத்தேன்.

கருவியைக் கழற்றியதும் திரையைப் பார்த்தார்.
'இது என்ன?'
'உங்கள் கை போன வழி.'
'சிக்கின வலை மாதிரி இருக்கு' என்றார், வருத்தமில்லாமல்,
பிரித்துவிடலாம் என்பவர் போல.

பையை எடுத்தார். குடையை மறந்து, திரும்பி வந்து எடுத்தார்.
(நானும் மறக்கிறவன்தான். அதைக் குறிக்கவில்லை.)
கதவருகே நின்று,
'பணம் கட்டினேனே தம்பி,
என் இறால் பர்கர் எங்கே?'

சிரிக்கிறாரா என்று பார்த்தேன்.
கண் வரைக்கும் முகக்கவசம்.
கை மட்டும் நீண்டிருந்தது,
சிறிதும் நடுங்காமல்.