மீனுக்கு அறுப்பில்லை

லகுகலையில் பஸ்ஸை மறித்தது ஒற்றை யானை.
கொழும்பிலிருந்து ராத்திரி முழுக்க ஓடி வந்த பஸ்.
லைட்டை அணைத்துவிட்டு
ஸ்டியரிங்கில் நாடி வைத்துப் படுத்தான் சாரதி.
பின்சீட்டில் யாரோ பிஸ்கட் உறை பிரித்தார்கள்.
யானை புல்லைப் பிடுங்கி, முன்னங்காலில் தட்டி,
மண் உதிர்த்துத் தின்றது.
அதற்கு ஒரு அவசரமும் இல்லை.

எனக்கு இருந்தது.
பொத்துவில் ஆஸ்பத்திரியில், மூன்றாம் கட்டிலில்
உதுமாங்கண்டு, வயது எண்பத்தெட்டு,
என் உம்மாவின் வாப்பா,
மூச்சை எண்ணிச் செலவழித்துக்கொண்டிருந்தார்.
அதற்கு முன் அவர் எண்ணிச் செலவழித்தது
தோட்டாவை மட்டும்தான்.

வெடி தீர்ந்ததும் ஓட வேணும்.
அவருடைய வேட்டை அந்த ஓட்டம்தான்.
பிஸ்மி சொல்லித்தான் சுடுவார்.
ஆனாலும் உயிர் இருக்கையிலேயே
கத்தி போய்ச் சேர வேணுமே.
சாரனை மடித்துக் கட்டி, ஈச்சம் பற்றைக்குள்ளால்,
வில்லுச் சேற்றுக்குள்ளால்,
ஒரு செருப்பை எங்கேயோ விட்டுவிட்டு
மரை விழுந்த இடத்துக்கு ஓடுவார்.

சில நாள் கண் மங்கியிருக்கும்.
பக்கத்தில் குந்தியிருந்து
ரத்தம் படாத கத்தியைத் துடைப்பார்.
பிறகு சீட்டியடிப்பார்.
பாணமை டிங்கிரிபண்டா வருவான்.
"பிந்திப் போச்சுடா. உனக்குத்தான்."
டிங்கிரிபண்டா வீட்டில் எட்டு வாய்.
உதுமானின் முழங்கால் நோவு குறையக் கூடாதென்று
புத்தருக்குப் பூ வைக்கிறேன் என்பான்.
இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து
காட்டையே எழுப்பிவிடுவார்கள்.

இலாகாக்காரரிடம் இரண்டு தரம் பிடிபட்டார்.
இரண்டாம் தண்டத்துக்கு உம்மாவின் காப்பு போனது.
மன்னித்தாயா என்று உம்மாவிடம்
நான் கேட்டதில்லை.

துவக்கெல்லாம் ஒப்படைக்கச் சொன்ன வருசம்
பொலிசுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்.
ரசீது கிடைத்தது. துவக்கு திரும்பவில்லை.
பிறகு ஊரில் வெடிச் சத்தங்கள் நிறைய.
ஒவ்வொன்றுக்கும்
வலது தோள் தானாகப் பின்னால் போகும்.
ஓடுவதற்கு மட்டும் எழும்பமாட்டார்.

பிறகு களப்பு.
விடிய ஒரு தரம், அசருக்குப் பிறகு ஒரு தரம்.
ஏழு வயதில் ஒரு மானின் கண்ணை
பக்கத்தில் பார்த்ததிலிருந்து
நான் இறைச்சி தொடாதவள்.
அவர் ஏன் என்று கேட்கவில்லை.
மறுநாள் ஒரு கோர்வை செப்பலியைத்
தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்.
"மீனுக்கு அறுப்பில்ல புள்ள.
நாம பிந்திப் போனாலும் அது கோவிக்காது.
நல்ல சாதி."

யானை நகர்ந்தது.
ஒரு மணியும் கால் மணியும்.

ஆஸ்பத்திரியில் ரப்பர் விரிப்பைக் கழுவி
ஜன்னலில் காயப் போட்டிருந்தார்கள்.
சுபஹு பாங்குக்குக் கொஞ்சம் முந்தி என்றாள் நர்ஸ்.
விரிப்பிலிருந்து தண்ணீர் சொட்டியது.
என் காலில் செருப்பு இரண்டும் இருந்தது.

வீட்டு வாசலில் டிங்கிரிபண்டா.
வெள்ளைச் சாரன், கையில் ஊன்றுகோல்.
என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தான், முடியவில்லை.
"பிந்திப் போனா எனக்குத்தானே தருவான்" என்றான்
தன் தமிழில்.
துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு
முகத்தையும் அதற்குள் மூடினான்.

ளுஹருக்குப் பிறகு ஆண்கள் கொண்டுபோனார்கள்.
மண் ஒட்டிய கையோடு திரும்பி வந்தார்கள்.
மச்சான் சிபான் மட்டும் வரவில்லை.
அவன் களப்புக்குப் போயிருந்தான்.
நெஞ்சு நோகுதென்று உட்காருவதற்கு முன்னால்
நேற்று அசருக்கு மூத்தப்பா
கண்ணாப் பற்றையில் கட்டிவிட்ட தங்கூசி.

ஒரு கொடுவா.
எப்போது செத்ததோ.
செவுள் இன்னும் சிவப்பு.

மையத்து வீட்டில் அடுப்பு மூட்டவில்லை.
பக்கத்து வீட்டு ஆயிஷத்தும்மா
கொறுக்காய்ப்புளி போட்டு ஆக்கி
மூடிக் கொண்டுவந்தாள்.
யாரும் கை வைக்கவில்லை.
உம்மா பீங்கானை என் பக்கம் தள்ளினாள்.

தின்றேன்.
முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து
பீங்கான் ஓரத்தில் வைத்து வைத்து,
ஒரு அவசரமும் இல்லாமல்.